ஈரிக் கரையில் இறங்கிய பறவை

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளுள் ஆழம் மிகக் குறைந்ததாகிய ஈரி ஏரியின் கரைகளில், மே மாதத்தின் முற்பகுதியில், இரவெல்லாம் வானத்தைக் கடந்து வந்த சிறு பறவைகள் விடியற்காலையில் களைத்து இறங்கிக் கிளைதோறும் புழு தேடும். தெற்கிலிருந்து வீசும் வெதுவெதுப்பான காற்றைத் துணைக்கொண்டு புறப்படும் அவை, வழியில் வாடையோ மழையோ எதிர்ப்பட்டால், நீர்ப்பரப்பைத் தாண்டத் துணியாமல் தென்கரையிலேயே தங்கிவிடும். தாண்டிவிட்டவையோ வடகரையில் முதலில் தென்படும் மரங்களில் வந்து அடையும். எண்ணற்ற சிறகுகள் ஒரு சிறு தோப்பில் திரளும் அத்தகைய நாட்களில்தான் அபூர்வமான பறவைகளும் மனிதர் கண்ணில் படுகின்றன. அவ்வாறு அகப்பட்ட ஒரு பறவையின் சரித்திரத்தையே இங்கே சொல்ல விரும்புகிறேன். ஓர் இனத்தை அதன் யாத்திரையில் மட்டுமே அறிந்து, அது குஞ்சு பொரிக்கும் இடத்தை அரை நூற்றாண்டுக் காலம் அறியாதிருந்த விந்தை அதில் இருக்கிறது.

1851ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி, கிளீவ்லண்ட் நகரத்தருகே இருந்த டாக்டர் ஜாரெட் கிர்ட்லண்டின் பண்ணையில், அவருடைய மருமகன் சார்லஸ் பீஸ் ஒரு சிறு பறவையைச் சுட்டு வீழ்த்தினார். நீலம் கலந்த சாம்பல் நிற முதுகும், எலுமிச்சை மஞ்சள் மார்பும், விலாப்புறத்தில் கருங்கோடுகளும் கொண்டிருந்த அது எந்த நூலிலும் வருணிக்கப்படாதது. கிர்ட்லண்ட் வைத்தியர், ஆயினும் நன்னீர்ச் சிப்பிகளில் ஆணும் பெண்ணும் வேறு வேறு என்று கண்டவர், செர்ரியில் புதிய வகைகளை உண்டாக்கியவர். இத்தகைய மனிதரின் நிலத்தில் அப்பறவை இறங்கியிராவிடில் அதன் அருமை உணரப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே. அதை அவர் ஸ்மித்சோனியன் ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஸ்பென்சர் பெயர்டிடம் கொடுத்தார். 1852இல் பெயர்ட் அதற்குக் கிர்ட்லண்டின் பெயரையே சூட்டினார். பத்தாண்டுகளுக்கு முன்பே, 1841இல், பஹாமாஸ் தீவுகளை அடுத்த கடலில் சாமுவேல் கேபட் என்பவருக்குக் கப்பலிலேயே இவ்வினப் பறவை ஒன்று கிடைத்திருந்தது. அதன் தோல் இன்னதென்று உணரப்படாமல் அவருடைய சேகரத்தில் பல்லாண்டுகள் கிடந்தது.

துப்பாக்கியின்றி அக்காலத்தில் பறவை நூல் வளர்ந்திராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், பதினான்கு கிராம் எடையுள்ள ஓர் உயிர் கடலையும் மலையையும் தாண்டி வந்து, சேரவேண்டிய இடத்துக்குச் சிறிது தூரமே எஞ்சியிருக்கையில் மாண்டது என்று எண்ணும்போது மனம் வருந்தாமல் இருப்பதில்லை.

அதற்குப்பின் ஏரிப் பிரதேசத்தில் வசந்தந்தோறும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இப்பறவை தோன்றி மறைந்தது. 1879இல் சார்லஸ் கோரி என்பவர் பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில் அதைக் கண்டபோது குளிர்கால வாசம் தெரிந்தது. கூடு எங்கே என்பது தெரியவில்லை. 1903ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மிச்சிகன் மாகாணத்து ஓஸ்கோடா பகுதியில், ஆ சேபிள் நதியோரம் மீன்பிடிக்கச் சென்ற இருவர் இப்பறவையின் பாட்டைக் கேட்டு ஒன்றைக் கொண்டுவந்தனர். அந்தத் தடயத்தைப் பின்பற்றிச் சென்ற மிச்சிகன் பல்கலைக்கழகப் பொருட்காட்சிசாலையின் நார்மன் வுட், ஜூலை 8ஆம் தேதி முதற்கூட்டைக் கண்டுபிடித்தார்.

அக்கூடு இருந்த இடமே இப்பறவையின் விதியை விளக்குகிறது. மணற்பாங்கான நிலத்தில் வளரும் ஜாக் பைன் மரங்கள், ஏறக்குறைய ஐந்து முதல் இருபது வயது வரை இளமையாக இருந்து, கீழ்க்கிளைகள் தரையைத் தொட்டு மறைவு தரும் காலத்தில் மட்டுமே, அவற்றினடியில் தரையின்மேல் இது கூடு கட்டும். மரம் முற்றினால் அவ்விடத்தை விட்டு அகலும். அம்மரத்தின் காயோ பிசினால் இறுகியிருந்து, காட்டுத்தீயின் வெப்பத்தில் திறந்து விதையைச் சிந்துவது. ஆகவே காடு எரிந்தால்தான் இப்பறவைக்கு வீடு. மனிதன் காட்டுத்தீயை அடக்கக் கற்றதே இதற்குப் பெருங்கேடாயிற்று. காடுகள் திருத்தப்பட்டபோது புல்வெளிகளிலிருந்து பரவி வந்த கௌபேர்டு என்னும் பறவையோ, காக்கைக் கூட்டில் முட்டையிடும் நம் நாட்டுக் குயிலைப்போல, இதன் கூட்டிலே தன் முட்டையை இட்டு இதன் குஞ்சுகளை நசியச் செய்தது.

1951இல் ஹரால்ட் மேஃபீல்ட் முதலியோர் நடத்திய கணக்கெடுப்பில், பாடும் ஆண் பறவைகள் 432 இருந்தன. 1971இல் அவை 201ஆகக் குறைந்தன. மறு ஆண்டிலிருந்து கௌபேர்டுகளைப் பிடித்து அகற்றலாயினர். வீழ்ச்சி நின்றதே ஒழிய வளர்ச்சி இல்லை. 1974இலும் 1987இலும் எண்ணிக்கை 167தான். இதற்கிடையே 1980ஆம் ஆண்டு மே மாதத்தில், இப்பறவைக்காகவே காட்டிலாகாவினர் மாக் ஏரியருகே மூட்டிய தீ கட்டுக்கடங்காமல் பரவி, இருபதினாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது; தீயணைக்கச் சென்ற ஓர் இளைஞர் உயிரிழந்தார், வீடுகள் பல அழிந்தன. அந்தச் சாம்பலில் முளைத்த பைன்கள் தக்க வயதை எய்தியபின்தான், 1990க்குப் பின்னர், பறவைகள் பெருகின. இவ்வளவு பெரிய விலையில் வந்த பெருக்கத்தைச் சொல்லும்போது, அவ்விளைஞரை மறந்துவிட்டுச் சொல்வது நியாயமாகாது.

ஏரிக்கரையிலும் காலம் மாறிற்று. ஈரி ஏரிக்குள் வடக்கிலிருந்து நீண்டு நிற்கும் பாயின்ட் பெலீ என்னும் மணல்முனை கனடாப் பெருநிலத்தின் தென்கோடி. நெடுநீரைக் கடந்து வரும் பறவைக்கு அதுவே முதற்புகல். வில்லியம் சாண்டர்ஸ், பெர்சி டாவர்னர் முதலியோர் 1905இல் ஒரு பறவையியற் கழகம் அமைத்து, வசந்தந்தோறும் அங்கே சென்று குறிப்பெழுதினர். அன்னோர் முயற்சியின் பயனாக 1918இல் அம்முனை தேசியப் பூங்காவாயிற்று. இன்று அங்கும், எதிர்க்கரையில் ஒஹையோவின் மாகீ சதுப்புநிலத்திலும், மே மாதத்தில் தொலைநோக்கியுடன் கூடுவோர் கிர்ட்லண்டின் பறவை ஒன்று வந்திருக்கிறது என்ற செய்தி கேட்டால் இருந்த இடத்தை விட்டு ஓடோடி வருவர். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை.

2019ஆம் ஆண்டு அக்டோபரில் இப்பறவையின் பெயர் அழியும் நிலையிலுள்ளவற்றின் அமெரிக்க அரசுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அப்போது 2,000 இணைகளுக்கு மேல் இருந்தன. ஆனால் நீக்கம் விடுதலையாகாது. மிச்சிகன் காடுகளில் முற்றிய பைன்களை வெட்டி, அவ்விடத்தில் புதிய கன்றுகளை நடும் வேலை தொடர்ந்து நடந்தாக வேண்டும். இருபது ஆண்டு நடாமலிருந்தால், பறவைக்கு வீடு இராது.