குடிசையின் அடிமண்

பிள்ளைப்பாக்கத்தில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. மனை விலை கேட்டால் தலை சுற்றுகிறது. இந்தப் பிரதேசம் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த காலத்தில், 1891-இல், கலெக்டர் திரமென்ஹீர் துரை சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுதினார். பறையர் மக்களைப் பற்றியது அது. உழுதவனுடைய குடிசையின் அடிமண் கூட மிராசுதாருக்குச் சொந்தம்! எதிர்த்துப் பேசினால் குடிசை போய்விடும். தரிசு நிலத்துக்காவது மனுப் போடலாமென்றால், அங்கேயும் மிராசுதாருக்கே முதல் உரிமை. அந்த விதியைக் காத்தது யார்? கிஸ்தி வாங்கிய வெள்ளைக்காரச் சர்க்கார்தான். நிறத்தால் உயர்ந்தவருக்கும் பிறப்பால் உயர்ந்தவருக்கும் நல்ல ஒத்துப்போக்கு இருந்தது. துரை அதைச் சொல்லியது அபூர்வந்தான்.

1892-இல் நிலம் ஒதுக்க உத்தரவு பிறந்தது. பிற சாதியாருக்கு விற்கக்கூடாதென்று நிபந்தனை. அந்தப் பஞ்சமி நிலமும் பல ஊர்களில் கைமாறிவிட்டது. காரணையில் போன நிலத்தை மீட்கக் கேட்டு 1994-இல் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. இருவர் மாண்டனர்.