பறவைக்குச் சுவர், மனிதருக்கு வாசல்

சோலைக்காட்டின் தரையில் பூச்சி பொறுக்கித் தின்னும் ஒரு சின்ன நீலப் பறவை உண்டு. நீலகிரியில் அதன் விலாவில் செம்பழுப்பு படர்ந்திருக்கும். ஆனைமலை, மூணாறு, பழனி மலைப் பக்கம் போனால் செம்பழுப்பைக் காணோம், வயிறு வெள்ளை. ஒரே பறவையின் இரண்டு சாயல் என்று வெகுகாலம் நினைத்திருந்தவர்கள், இப்போது இரண்டும் தனித்தனி இனம் என்கிறார்கள். சிரிப்பான் குருவியிலும் இதே கதைதான். வடக்கே உள்ள இனங்கள் வேறு, தெற்கே உள்ளவை வேறு. யானைகளின் மரபணுவில்கூட இந்த வேறுபாடு தெரிகிறது.

நடுவில் இருப்பது பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து, கடல் மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டருக்கு இறங்கிவிடும் இடம். இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக் குளிரில் வாழும் பறவைக்கு அந்தச் சூடான தாழ்நிலம் தாண்ட முடியாத சுவர். மனிதருக்கோ அதுதான் வாசல். தென்மேற்குப் பருவக்காற்றும், வணிகப் பொதியும், 1860-களில் சென்னையிலிருந்து பேப்பூருக்குப் போன ரயிலும் அந்த வழியாகத்தான் போயின. கோவையிலிருந்து வாளையார் தாண்டிச் சித்தூர் வட்டத்துக்குள் நுழைந்தால் கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் தமிழ் கேட்பதில் வியப்பில்லை. மாநில எல்லை அங்கே பிற்பாடு வந்தது.

இந்த மலைகளில் இயற்கை வகுத்த எல்லை கிழக்கு மேற்காக ஓடுகிறது. அரசியல் வகுத்த எல்லையோ வடக்கு தெற்காக ஓடுகிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் இங்கே யார் குடி, எது யாருடையது என்ற கேள்வி நூறாண்டாகத் தீராமல் இருக்கிறது.

இடுக்கியின் உயர்மலையில் முதலில் இருந்தவர்கள் முதுவர்கள். மதுரையிலிருந்து மீனாட்சி சிலையை முதுகில் சுமந்து மலையேறியதாக அவர்களுடைய மரபுக் கதை சொல்லும். மறையூர், காந்தளூர் உள்ளிட்ட அஞ்சுநாட்டுக் குடிகளும் மதுரைப் பக்கத்தைத்தான் பூர்வீகமாகச் சொல்வார்கள். 1877-இல் பூஞ்சாறு அரசர் இந்த மலையில் சுமார் 227 சதுர மைலை ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். மலைக்குப் பெயர் தந்த கண்ணனும் தேவனும் முதுவத் தலைவர்கள் என்பார்கள். 1880-இல் பார்வதி எஸ்டேட்டில் ஷார்ப் என்பவர் தேயிலை நட்டார். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது.

காட்டை அழித்துக் கொழுந்து பறிக்க ஆள் வேண்டுமே! கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமைக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு நடைபாதை. அதே வழியில் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கீழே இறங்கித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயின. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயிலே ஓடியது. கொல்லம் ஆண்டு 1099-ஐ வைத்து ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று மலையாளிகள் சொல்லும் 1924 பெருமழையில் அது அடித்துப் போனது. ஆலுவாவிலிருந்து புதுச்சாலை 1931-இல்தான் திறந்தது. அதுவரை மூணாறின் தலைவாசல் கிழக்கே, தமிழ்நாட்டைப் பார்த்துத்தான் இருந்தது.

தேயிலைக்காக ஆயிரக்கணக்கான ஏக்கர் சோலையை வெட்டிய அதே துரைமார்தான், வேட்டைக்கு விலங்கு மிஞ்சவேண்டும் என்று 1928-இல் ஒரு சங்கம் வைத்து, இரவிகுளம் புல்வெளியைத் தொடாமல் காத்தார்கள். காவலுக்கு முதுவர்களை அமர்த்தினார்கள். நல்லெண்ணம் என்று இதைப் புகழவேண்டியதில்லை. ஆனால் அங்கே வாழும் வரையாடு பிழைத்தது. 1971-ஆம் ஆண்டு நில மீட்புச் சட்டத்தின்படி நிலம் அரசுக்குத் திரும்ப, 1975-இல் சரணாலயம், 1978-இல் 97 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு பெருங்கூட்டமாக வாழும் இடம் கேரளத்தில் இருக்கிறது என்பது எல்லைக் கோட்டின் குறும்புகளில் ஒன்று.

இன்னொரு குறும்பு பரம்பிக்குளம். நிலம் பாலக்காடு மாவட்டம். சாலை வழி போவதென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப். அங்குள்ள அணைகளை நிர்வகிப்பது தமிழ்நாடு. காடர், மலசர் குடிகளுக்கு இந்தக் கோடு பெரிய பொருட்டாக இருந்ததில்லை.

1956-இல்தான் கோடு கனத்தது. மொழிவாரி மாநிலப் பிரிப்பில், மூணாறு அடங்கிய தேவிகுளமும் பக்கத்துப் பீர்மேடும் தமிழர் பெரும்பான்மை வட்டங்கள் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மாநிலப் பிரிப்பை ஆராய்ந்த பசல் அலி ஆணையம் ஏற்கவில்லை. அங்குள்ள தமிழர் பெரும்பான்மை தோட்ட வேலைக்கு வந்தவர்களால் உண்டானது என்பது அதன் வாதங்களில் ஒன்று. மூன்று தலைமுறை பிறந்து, உழைத்து, புதைந்த பிறகும் வந்துபோகிறவர் கணக்கு! தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தன. தேவிகுளம், பீர்மேடு கேரளத்தில் நின்றன. அதற்கு முன்பே திருவிதாங்கூர்–கொச்சியின் பட்டம் தாணுப்பிள்ளை அரசு மேற்கிலிருந்து மலையாளிக் குடும்பங்களை உயர்மலையில் குடியேற்றத் தொடங்கியிருந்தது. ஆனாலும் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகப் பாடகர் பாவலர் வரதராசன் ஊர் ஊராகப் பாடியது தமிழில்தான்.

கணவாய்க்கு வடக்கே, பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் குடியேற்றம் இருபுறமிருந்தும் நடந்தது. 1951-இல் அங்கே பத்துக்கு ஒன்பது பேர் இருளர், முதுகர், குறும்பர். கிழக்கிலிருந்து கொங்கு விவசாயிகளும், மேற்கிலிருந்து திருவிதாங்கூர் விவசாயிகளும் வந்து சேர, 2001-இல் பழங்குடியினர் பத்துக்கு நான்கு பேர் என்றானார்கள். அதை ஒட்டிய சைலன்ட் வேலியைச் சிங்கவால் குரங்குக்காக நாடே பேசி, அணைத் திட்டத்தை நிறுத்தி, 1984-இல் தேசியப் பூங்கா ஆக்கியது. நல்ல வெற்றிதான். பக்கத்து மலையில் மண் கைமாறியதற்கு அதில் பாதிக் குரல்கூட எழவில்லை.

இடுக்கியின் சின்னக்கானலில் தவறு வேறு மாதிரி நடந்தது. நிலமற்ற பழங்குடியினர் 301 குடும்பங்களுக்கு 2000-களின் தொடக்கத்தில் அரசு நிலம் கொடுத்தது. கொடுத்த இடம் யானைகள் நடமாடும் காடு. இரு தரப்பும் இழந்தன. பல குடும்பங்கள் நிலத்தை விட்டே போய்விட்டன. அங்கே ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது ஒரு மாதத்தில் கம்பம் நகரத் தெருவில் ஓடியது. தமிழக வனத்துறை ஜூனில் பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக் காட்டுக்கு அனுப்பியது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, இரவிகுளத்தை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலி செய்யவேண்டிய கம்பெனி வீடுகள் அந்த லயங்கள். 2015-இல் மூணாறு தெருவில் அமர்ந்து போராடிய பெண் தொழிலாளர்கள், கூலியோடு இந்த வாழ்க்கையையும் சேர்த்துத்தான் பேசினார்கள்.

2025 ஏப்ரலில் கேரளமும் தமிழகமும் ஒரே நாட்களில் மலையேறி வரையாடுகளை எண்ணின. கேரளத்தில் 1,365, தமிழகத்தில் 1,303, மொத்தம் 2,668. இந்தக் கூட்டுறவு மனிதருக்கும் வரவேண்டும். பட்டியல் சாதித் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை இன்றைக்கும் கேரளத்தில் சாதிச் சான்றிதழ் வாங்க, தன் முன்னோர் 1950-க்கு முன்பே அந்த மலையில் குடியிருந்தார்கள் என்று காகிதம் காட்டவேண்டியிருக்கிறது. அந்தக் காகிதங்களைத் தேடித் தருவதும், ஓய்வு பெற்றவருக்கு ஒரு துண்டு நிலம் ஒதுக்குவதும் இரு அரசுகளும் உட்கார்ந்து பேசினால் நடக்கக்கூடிய வேலைதான்.