பெயர் தவறிய களை

ஒரு பொருளுக்குப் பெயர் சூட்டிவிட்டால் அதனை அறிந்துவிட்டோம் என்று நிறைவடைவது மனித இயல்பு. ஆனால் பெயர் பிழையாக அமைந்துவிட்டால், அதனை நம்பிச் செய்யும் முயற்சிகள் யாவும் திசை தவறிப்போகும். இவ்வுண்மைக்குச் சான்றாக, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெப்ப நாடுகளின் ஏரிகளையும் நெல்வயல்களையும் மூடி மறைத்த ஒரு நீர்க்களையின் வரலாற்றை நாம் இங்கு நோக்குவோம்.

திருவனந்தபுரத்தை அடுத்த வேளி ஏரியில் 1955ஆம் ஆண்டில் இக்களை முதன்முதலாகக் காணப்பட்டது. சில ஆண்டுகளில் குட்டநாட்டின் வாய்க்கால்களையும் வயல்களையும் அது பற்றிக்கொண்டது. கேரள மக்கள் அதற்கு 'ஆப்பிரிக்கன் பாயல்' என்று பெயரிட்டனர். பாயல் என்றால் பாசி. உண்மையில் அது பாசியன்று. நீரில் மிதக்கும் பெரணி வகை. ஆப்பிரிக்கா அதன் தாயகமுமன்று. அங்கோ மக்கள் அதனைக் 'கரிபா களை' என்று அழைத்தனர். எங்கே கண்டார்களோ அவ்விடத்தின் பெயரையே மக்கள் அதற்குச் சூட்டினர். அது எங்கிருந்து வந்தது என்பதை ஒருவரும் அறியவில்லை.

இதன் இரண்டு இலைகள் நீரின்மேல் மிதக்கும். மூன்றாவது இலை நூலிழைகளாகப் பிரிந்து வேர்போல் நீருள் தொங்கும். மேலிலைகளின் மயிர்கள் நான்கு கிளைகளாகப் பிரிந்து நுனியில் மீண்டும் ஒன்றுகூடி, முட்டை அடிக்கும் கம்பிக் கருவியைப் போலத் தோன்றும். இதன் வித்துகள் முளைக்கும் ஆற்றல் அற்றவை. ஆயினும் மொட்டுள்ள ஒரு சிறு துண்டு போதும், புதுச் செடி உண்டாகிவிடும். சூழல் வாய்த்தால் ஒரு வாரத்திற்குள் இது இரு மடங்காகப் பெருகும். அடுக்கின்மேல் அடுக்காக ஏறிய படலம் ஒளியையும் காற்றையும் தடுக்க, கீழே மீன்கள் மடியும், படகு செல்லாது, பாசன நீர் ஓடாது.

இலங்கைக்கு இச்செடி 1939ஆம் ஆண்டில், கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை வழியாக வந்து சேர்ந்தது. கல்விக்காக வந்த செடி சில ஆண்டுகளில் நெல்வயல்களில் புகுந்து உழவர்களை வருத்தியது. ஆப்பிரிக்காவிலோ, சாம்பசி ஆற்றின் குறுக்கே எழுந்த கரிபா அணை 1958 டிசம்பரில் நீரைத் தேக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே இக்களை அங்கு தலைகாட்டியது. 1962இல் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர், அதாவது அம்மாபெரும் ஏரியின் ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேலான பரப்பு, பச்சைப் படலமாகிவிட்டது.

அறிஞர்களும் வாளாவிருக்கவில்லை. ஓபிளே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலார் பிரெஞ்சுக் கயானாவின் செடியொன்றை 1775இல் 'சால்வினியா ஆரிகுலாட்டா' என்று பெயரிட்டு விவரித்திருந்தார். அதுவே இது என்று முடிவு செய்தனர். தாயகத்தில் ஒரு செடியை அடக்கிவைக்கும் பூச்சியைத் தேடிக் கொணர்ந்தால் அயல்நாட்டிலும் அதனை அடக்கலாம் என்பது அறிவியல் கண்ட வழி. எனவே 1960களில் டிரினிடாட் தீவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் தேடல் நடந்தது. ஒரு கூன்வண்டு, ஓர் அந்துப்பூச்சி, ஒரு வெட்டுக்கிளி என மூன்று பூச்சிகள் கிடைத்தன. அவற்றுள் கூன்வண்டை ஆப்பிரிக்காவின் போட்சுவானாவிலும், வெட்டுக்கிளியைக் கேரளத்திலும் விட்டுப் பார்த்தனர். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. வழி சரியானதே, ஆனால் சென்று தட்டிய வீடுதான் வேறொருவருடையது!

கரிபா ஏரிக் களையை ஆராய்ந்த டேவிட் மிட்செல் என்பவர் இம்முடிச்சை அவிழ்த்தார். வித்துப்பைகள் கொத்தில் அமைந்திருக்கும் முறையை அவர் நுணுகி ஒப்பிட்டார். கயானாவின் செடி வேறு, உலகை வருத்தும் இச்செடி வேறு என்று கண்டு, 1972இல் இதனைத் தனி இனமாக அறிவித்தார். அவர் இட்ட பெயர் 'சால்வினியா மொலெஸ்டா'. மொலெஸ்டா என்னும் இலத்தீன் சொல்லுக்குத் தொல்லை தருவது என்பது பொருள். இனம் தெரிந்தது, ஆயினும் தாயகம் தெரியவில்லை. தோட்டங்களில் தோன்றிய கலப்பினமாக இருக்குமோ என்ற ஐயமும் நிலவியது. 1978இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரேசிலின் தென்கிழக்குப் பகுதியில், இயற்கை நீர்நிலைகளிலேயே இச்செடி அடக்கமாக வாழ்ந்துவருவதைக் கண்டனர். அங்கே அதனைத் தின்று வாழ்ந்தது ஒரு கூன்வண்டு. இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள கருஞ்சிறு பூச்சி.

1980 ஜூன் மாதம் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மூண்டாரா ஏரியில் அவ்வண்டுகள் விடப்பட்டன. ஓராண்டு கடந்து சில திங்களுக்குள் ஏரியை மூடியிருந்த படலம் சிதைந்து மூழ்கியது. இங்கே மற்றுமொரு வியப்பு. முன்னர் ஆப்பிரிக்காவில் பயன் தராத வண்டின் இனமே இது என்று அதுவரை எண்ணியிருந்தனர். பின்னரே கூர்ந்து ஆய்ந்து, இதுவும் தனி இனம் என்று கண்டு, 1985இல் 'சிர்டோபேகஸ் சால்வினியே' என்று பெயரிட்டனர். ஆக, பகையின் பெயரும் தவறியிருந்தது. துணையின் பெயரும் தவறியிருந்தது.

இத்தவறுகள் நூல்களோடு நின்றுவிட்டனவா? பாப்புவா நியூகினி நாட்டின் செப்பிக் ஆற்றை நினைவுகூர்வோம். மீனையும் படகையும் நம்பி வாழும் அவ்வாற்றுச் சமவெளியில் 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு களையால் அடைபட்டது. சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் ஒரே வழியான நீர்வழி மூடியது. அங்கு விடப்பட்ட வண்டுகள் முதலில் நிலைபெறவில்லை. செடியில் நைட்ரஜன் சத்துக் குறைவு என்று கண்டு, யூரியா இட்டு ஊட்டிய பின்னரே பெருகின. 1985 அளவில் களை ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. பெங்களூருவின் அல்லிக்குளம் ஒன்றில் 1983-84இல் விடப்பட்ட வண்டுகள் பதினொரு மாதங்களில் களையை வீழ்த்த, நசுங்கிக் கிடந்த அல்லி மீண்டும் தழைத்தது. கேரளமும், 1986 முதல் இலங்கையும் இதே வண்டால் பெரும் பயன் பெற்றன. களை முற்றாக அழிந்துவிடவில்லை, அடங்கியது.

இவ்வரலாற்றில் நாம் கற்கவேண்டியவை இரண்டு. முதலாவது, தீமையைக் கண்டவுடன் யாதேனும் ஓர் ஊரின்மேல் அதனை ஏற்றிச் சொல்லும் பழக்கம் நீதியன்று. ஆப்பிரிக்க மக்களும் நம்மைப் போலவே இதனால் துன்புற்றவர்கள் அன்றோ! இரண்டாவது, ஐயத்தோடு மீண்டும் ஒருமுறை நோக்கும் பொறுமை. மிட்செலிடம் இருந்தது அப்பொறுமையே.

நம் ஊர்க் குளத்தில் அறியாத செடியொன்று பரவக் கண்டால், அழகுக்கென வீட்டுத் தொட்டிக்குக் கொண்டு செல்லவோ, பிடுங்கி அடுத்த வாய்க்காலில் எறியவோ வேண்டாம். பூ, காய், வித்துப்பை ஆகியவற்றோடு ஒரு மாதிரியை எடுத்து, நாளிதழ்த் தாள்களிடையே அழுத்தி உலர்த்தி, கண்ட இடத்தையும் நாளையும் குறித்து, அண்மையிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறைக்கோ, கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்திற்கோ காட்டுவோம். ஊரார் ஏற்கெனவே இட்ட பெயர் இருப்பினும், அப்பெயர் சரிதானா என்று கேட்போம். பிழையான ஒரு பெயரை நம்பி அறிஞர்கள் செலவிட்ட ஆண்டுகளில், உழவரும் மீனவரும் இழந்தவை எண்ணிலடங்கா.