செக் வைத்த மேசைத்துணி

நம்ம ஊர் அரசியல் செய்திகளில் தினமும் யாராவது யாருக்காவது 'செக் வைக்கிறார்'. அதே நாளில் ஒருவர் பேங்கில் செக் போடுகிறார், இன்னொருவர் செக் ஷர்ட் மாட்டுகிறார், நான் ஆபீஸில் 'செக் பண்ணிட்டேன்' என்கிறேன். நாலும் ஒரே சொல்தான். மூலம், ராஜா என்று பொருள்படும் 'ஷா' என்ற பாரசீகச் சொல்.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் போய், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சேர்ந்தது. ராஜாவைத் தாக்கும்போது 'ஷா' என்று எதிராளியை எச்சரிப்பார்கள். அது லத்தீன், பழைய பிரெஞ்சு எல்லாம் தாண்டி ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. ஆக, அந்தச் சொல்லின் முதல் வேலை சரிபார்ப்பது இல்லை. 'ராஜாவே, இதுக்கு மேல இஷ்டத்துக்கு ஆட முடியாது' என்று சொல்வது. தடுத்தல், கட்டுப்படுத்தல் என்ற பொருள்கள் அதிலிருந்து கிளைத்தன. கட்டம் போட்ட பலகையிலிருந்து கட்டம் போட்ட துணி வந்தது.

எனக்குப் பிடித்த கிளை வேறு. சதுரங்கப் பலகைக்கான பிரெஞ்சுச் சொல்லே இங்கிலாந்தில் அரசு கஜானாவின் பெயரானது: எக்ஸ்செக்கர். 1170களின் கடைசியில், அதன் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் அது எப்படி இயங்கியது என்று ஒரு புத்தகமே எழுதினார். பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. அதன்மேல் கோடு போட்ட கறுப்புத் துணி. கோடுகளுக்கு நடுவே காய்களை வைத்து நகர்த்திக் கணக்குப் போடுவார்கள்: பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று. கிட்டத்தட்ட நம்ம ஸ்ப்ரெட்ஷீட்! மாவட்டத்தில் ராஜாவுக்காக வரி வசூலித்த ஷெரிஃப் மேசைக்கு வந்தாக வேண்டும். கட்ட வேண்டியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, மிச்சம் எங்கே? சதுரங்கத்தில் இரு ராஜாக்கள் போல இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீலே ஒப்பிடுகிறார். எழுத்து தெரியாதவனுக்கும் காய் நகர்வது தெரியும். கணக்கைக் கண்ணுக்கு முன்னால் விரித்து வைத்ததுதான் அந்தத் துணியின் பெருமை.

பேங்க் செக்கும் ஒருவகையில் காவல்காரன்தான். 18ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் முதலில் குறித்தது அடிக்கட்டையை. பணத்தாளைத் திருத்தி ஏமாற்றினால், அடிக்கட்டையோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். பிறகுதான் பெயர் தாளுக்கே போனது. பிரிட்டிஷ்காரர்கள் இன்றும் அதை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுவதற்கு எக்ஸ்செக்கரின் பாதிப்பே காரணம் என்கிறார்கள்.

இத்தனையிலும் யாரோ ஒருவர் தடுக்கப்படுகிறார், பதில் சொல்ல வைக்கப்படுகிறார். அந்த வகையில் 'செக் வைத்தார்' என்று எழுதும் நம்ம நிருபர்தான் மூலத்துக்கு ரொம்ப விசுவாசமானவர். நான் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சக ஊழியரின் நானூறு வரி கோடு ரிவ்யூவுக்கு வரும். மேலிருந்து கீழே ஒருதரம் உருட்டிவிட்டு, செக்பாக்ஸில் டிக் அடித்து, 'செக் பண்ணிட்டேன்' என்று டைப் பண்ணுவேன். அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டேன்.