ஆங்கில இணைப்புக்குறி: இலக்கணத்துக்கா, கண்ணுக்கா?

ஆங்கில நிறுத்தக்குறிகளில் இணைப்புக்குறியைப் போல் விதிக்கு அடங்காதது வேறில்லை எனலாம். அகராதிக்கு அகராதி அது வேறுபடுகிறது. ஒரே அகராதியின் இரு பதிப்புகள்கூட ஒத்துப்போவதில்லை. அதை இலக்கணக் குறியாக எண்ணி விதி தேடுவதே இக்குழப்பத்துக்குக் காரணம். படிப்பவரின் கண் தடுமாறும் இடத்தில் வேலைக்கு வந்து, தடுமாற்றம் தீர்ந்ததும் விலகிக்கொள்ளும் குறியாகவே வரலாறு நெடுக அதைக் காண்கிறோம்.

பண்டைக் கிரேக்கர் சொற்களுக்கிடையே இடம் விடாமல் தொடர்ந்து எழுதினர். எங்கே பிரித்துப் படிப்பது என்ற ஐயம் எழக்கூடிய இடத்தில், 'இது ஒரே சொல்' என்று காட்ட எழுத்துகளின் அடியில் ஒரு வளைகோடு இட்டார்கள். இடைக்காலத்தில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கம் பரவியதும் அந்த ஐயம் ஒழிந்தது. வரியின் ஓரத்தில் சொல் முறியும்போது மட்டும் புதிய ஐயம் முளைத்தது. குறியும் அங்கே இடம் மாறிற்று. 1455 வாக்கில் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிளில் இதைக் கண்ணாரக் காணலாம். பெரும்பாலான பக்கங்களில் பத்திக்கு 42 வரிகள். சொல் முறியும் வரிகளில் சாய்ந்த இரட்டைக் கோடு, பத்தியின் வலது விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கும். எழுத்துகளின் விளிம்பு நேராகத் தெரியவேண்டும் என்ற அச்சுக்காரரின் கவலை அதில் தெரிகிறது. சொல்லை எந்த இடத்தில் முறிப்பது என்பதிலோ இன்றுவரை ஒருமை இல்லை: அமெரிக்கர் ஒலிப்பைப் பார்க்கின்றனர், பிரிட்டிஷார் பெரிதும் சொல்லமைப்பைப் பார்க்கின்றனர். 1983இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இச்சிக்கலைக் கணினிக்காக ஆராய்ந்த ஃபிராங்க் லியாங், இலக்கண விதிகளை நம்பாமல் அகராதியிலிருந்தே 4,447 எழுத்துக்கோவைகளைத் திரட்டினார். அவையும் அகராதி காட்டும் பிரிப்பிடங்களில் 89 விழுக்காட்டையே கண்டுபிடித்தன.

கூட்டுச்சொற்களின் கதை இன்னும் சுவையானது. 'இன்று' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒரு காலத்தில் 'டு டே' எனப் பிரிந்து நின்றது. 19ஆம் நூற்றாண்டு அச்சில் 'டு-டே' ஆனது. 20ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. இதைக் கொண்டு, இணைப்புக்குறி இரு சொற்கள் ஒன்றாவதற்கு இடைப்பட்ட படி என்று பலர் விளக்குகின்றனர். ஆனால் 2007இல் சுருக்க ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் ஆறாம் பதிப்பு ஏறத்தாழ 16,000 இணைப்புக்குறிகளை நீக்கியபோது 'பம்பிள்-பீ' ஒன்றாயிற்று. 'ஐஸ்-கிரீம்', 'ஃபிக்-லீஃப்' ஆகியவை இரண்டாகப் பிரிந்தன. 'நியூ-யார்க் டைம்ஸ்' நாளிதழும் 1896 டிசம்பர் 1 அன்று தன் தலைப்பிலிருந்து குறியை எடுத்தபோது சொற்களை ஒட்டவில்லை, பிரித்தே விட்டது. ஏறுபடி என்றால் இவை ஏன் இறங்கின? பழகிப்போன சொல்லை ஒட்டி எழுதினாலும் பிரித்து எழுதினாலும் கண் தடுமாறாது என்பதே விடை. குறிக்கு அங்கே வேலை போயிற்று, அவ்வளவுதான்.

அப்படியானால் இணைப்புக்குறி சாகிறது என்று 2007இல் எழுந்த பேச்சு சரிதானே எனக் கேட்கலாம். அகராதித் தலைச்சொற்களை மட்டும் பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். வாக்கியத்துக்குள் நிலைமை வேறு. ஒரு கால்பந்து வீரர் 'ரிசைன்' செய்தார் என்றால் விலகிவிட்டார். 'ரீ-சைன்' என்றால் மீண்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, பொருள் தலைகீழ். சூழலே பொருளைக் காட்டிவிடும் என்ற மறுப்பு இங்கே செல்லாது. விளையாட்டுப் பக்கத்தில் இரண்டுமே அன்றாடச் செய்திகள். பெயருக்கு முன் வரும் அடைக்கும் இதே தேவை உண்டு. பெயருக்கு முன் வரும் 'வெல்-நோன்' என்ற அடைக்குக் குறி இடச் சொல்லும் ஆக்ஸ்ஃபோர்டின் நடைக் கையேடு, பயனிலையாக வரும்போது அதே தொடருக்குக் குறி வேண்டாம் என்கிறது. 16,000 குறிகளை நீக்கிய அகராதியை வெளியிட்டதும் அதே பதிப்பகம்தான்.