அபிப்ராய பேதமும் ஸ்ரீபாக் வீடும்

எங்கள் தெருவில் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குப் பூர்விகம் சித்தூர், மற்றவருக்குத் திருப்பதி. நாற்பது வருஷமாக இருவரும் ஒரே கட்சி. சென்ற மார்கழியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் காபிக்கு உட்கார்ந்தபோது பேச்சு தலைநகர் பக்கம் திரும்பியது. ஹைகோர்ட்டாவது கர்நூலுக்கு வர வேண்டும் என்றார் சித்தூர்க்காரர். எல்லாம் அமராவதியிலேயே இருக்கட்டும் என்றார் மற்றவர். எதிர்க்கட்சிக்காரரிடம் கூடச் சொல்லாத வார்த்தையை இவர் அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டார். காபி ஆறிப்போயிற்று. மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

அவர்கள் போட்டுக்கொண்ட சண்டை 1937-ஆம் வருஷத்துச் சண்டை. அதை அன்று ஒரே கட்சிக்காரர்கள் எப்படிப் பேசித் தீர்த்தார்கள் என்பதை நம் அங்கத்தினர்களுக்குச் சொல்லத் தோன்றியது. மயிலாப்பூர் அன்பர்களுக்குக் கூடுதல் சுவாரஸ்யம் இருக்கும். ஏனென்றால் பேச்சு நடந்தது லஸ்ஸில்.

அப்போது சித்தூரும் திருப்பதியும் சென்னை ராஜதானியில் இருந்தன. ஆந்திரர்கள் தனி மாகாணம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் கடலோர ஜில்லாக்காரர்களுக்கு இருந்த வேகம் ராயலசீமைக்காரர்களுக்கு இல்லை. காரணம் புரியக்கூடியதே. கிருஷ்ணா, கோதாவரிப் பாசனம், படிப்பு, பத்திரிகை எல்லாம் அங்கே. இங்கே பஞ்சமும் வறண்ட ஏரியும். சித்தூர்க்காரனுக்கு மேல்படிப்பு, வக்கீல் தொழில், வைத்தியம் எல்லாவற்றுக்கும் பட்டணம் ரயிலில் போய் வரும் தூரம். சென்னையை விட்டுப் பெஜவாடாவிடம் போய் நிற்பானேன் என்று கேட்டார்கள். 1926-ல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தோன்றி, பிறகு வால்ட்டேரில் நிலைபெற்றபோதே இந்த மனத்தாங்கல் வளர்ந்துவிட்டது. அதன் முதல் துணைவேந்தர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி சித்தூரைச் சேர்ந்தவர். இருந்தும் ராயலசீமைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடேயே போய்ச் சேர்ந்துகொண்டன!

1937 ஜூலையில் ராஜாஜி மந்திரிசபை அமைத்தார். பத்துப் பேரில் பிரகாசம், வி.வி. கிரி, கோபால ரெட்டி என்று ஆந்திரர் மூவர். மூவரும் கடலோரத்தவர், ராயலசீமையிலிருந்து ஒருவரும் இல்லை. இரு தரப்பாரும் காங்கிரஸ்காரர்கள்தான், ஒன்றாகச் சிறை சென்றவர்கள். ஆனாலும் உள்ளே புகைச்சல்.

அந்த அக்டோபரில் பெஜவாடாவில் ஆந்திர மகாசபையின் வெள்ளிவிழா நடந்தது. அதையடுத்து இரு பக்கத்தாரும் கலந்து பேசுவதென்று ஏற்பாடாயிற்று. நவம்பர் 16-ஆம் தேதி காசிநாதுனி நாகேஸ்வர ராவ் வீட்டில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வீட்டின் பெயர் ஸ்ரீபாக். அமிர்தாஞ்சன் கண்ட அதே நாகேஸ்வர ராவ்தான். லஸ் பார்க் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. இத்தனை தலைவலிக்கு அவர் வீட்டைத் தவிர வேறு எங்கே கூடுவது! கடலோரத்திலிருந்து கொண்டா வெங்கடப்பய்யா, பட்டாபி சீதாராமய்யா. இந்தப் பக்கம் கடப்பை கோட்டி ரெட்டி, இந்துபூர் கல்லூரி சுப்பா ராவ் முதலானவர்கள்.

ஒப்பந்தத்தின் விஷயங்களைக் கவனியுங்கள். வால்ட்டேரிலும் அனந்தபூரிலும் இரண்டு பல்கலைக்கழக மையங்கள். துங்கபத்திரா, கிருஷ்ணா, பெண்ணை நதிநீர்த் திட்டங்களில் ராயலசீமைக்கும் நெல்லூருக்கும் பத்து வருஷமோ தேவையானால் அதற்கு மேலோ முதலிடம். சட்டசபை ஸ்தானங்கள் ஜில்லாவுக்குச் சமமாக. தலைநகரும் ஹைகோர்ட்டும் ஆளுக்கொரு பிரதேசத்தில். எது வேண்டும் என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை ராயலசீமைக்கு. இரு தரப்பும் சம்மதித்தால் ஷரத்துகளை மாற்றிக்கொள்ளலாம்.

இதில் என்னைக் கவர்வது, "நாமெல்லாம் ஒரே கட்சி, நம்பிக்கை வையுங்கள்" என்று பெரிய பக்கத்தார் வாயால் சொல்லி முடித்துவிடவில்லை என்பதுதான். உங்கள் பயம் இன்னது, அதற்கு எங்கள் ஈடு இன்னது என்று காகிதத்தில் எழுதினார்கள். எங்களை நம்பவில்லையா என்று கோபித்துக்கொள்ளவில்லை. சிறிய பக்கத்தாரும் சபையை விட்டு வெளியேறவில்லை. நாகேஸ்வர ராவ் அடுத்த ஏப்ரலிலேயே காலமானார். தாம் வீடு கொடுத்த காரியத்தின் பலனை அவர் பார்க்கவில்லை.

பதினாறு வருஷம் கழித்து, 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. எது தலைநகர் என்பதில் பெரிய ரகளை. விஜயவாடா, குண்டூர் என்று பல பெயர்களோடு எங்கள் திருப்பதியின் பெயரும் அடிபட்டது. முதல் மந்திரியான பிரகாசம் கடலோரத்தவர். அப்படியிருந்தும் தலைநகர் கர்நூலுக்குப் போயிற்று, ஹைகோர்ட் மறு வருஷம் குண்டூரில் அமைந்தது. பிரகாசம் 1951-லேயே காங்கிரஸை விட்டு விலகியிருந்தவர். அவருக்குக் கீழே உதவி முதல் மந்திரியாக இருக்க அனந்தபூர்க்காரரான காங்கிரஸ் தலைவர் சஞ்சீவ ரெட்டி ஒப்புக்கொண்டார். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அனந்தபூருக்கு என்று எழுதிய பல்கலைக்கழகம் 1954-ல் திருப்பதிக்கு வந்தது. நான் எம்.ஏ. படித்தது அங்கேதான், ஆகவே இந்த மீறலைப் பற்றி நான் குறை சொல்வது நன்றாயிராது. அனந்தபூர்க்காரர்கள் 1981 வரை காத்திருந்து தங்களுக்கென்று ஒன்று பெற்றார்கள்.

மற்றது நீடிக்கவில்லை. 1956 நவம்பரில் தலைநகர், ஹைகோர்ட் இரண்டும் ஹைதராபாத் போயின. 2014-ல் மாநிலம் பிரிந்த பிறகு அமராவதி வந்தது. 2020-ல் மூன்று தலைநகர்ச் சட்டம் வந்தபோதும், 2021 நவம்பரில் அது திரும்பப் பெறப்பட்டபோதும் ராயலசீமையில் எல்லோர் வாயிலும் ஸ்ரீபாக். கையெழுத்திட்டவர்கள் எவரும் இல்லாத காலத்தில், சட்டபலம் இல்லாத ஒரு காகிதத்தை இன்னும் காட்டிக் கேட்கிறார்கள்.

இதையெல்லாம் சித்தூர்ப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப நான் சொன்னது சரின்னுதானே ஆறது?" என்றார். மற்றவரிடமும் சொன்னேன். "சம்மதிச்சா மாத்திக்கலாம்னு அதிலேயே போட்டிருக்கே, பாத்தேளா?" என்றார். மறுநாள் காலை இருவரும் என் திண்ணையில் இருந்தார்கள். சொன்ன வார்த்தையை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டாகிவிட்டது. ஹைகோர்ட் விஷயம் அப்படியேதான் இருக்கிறது.