எண்ணிப் பார்த்த போர்வீரர்

பள்ளியில் படித்த நாட்களில் நான் தேசிய மாணவர் படையில் இருந்தேன். ஒரு முகாமின்போது ஏறத்தாழ அறுநூறு மாணவர்கள் மும்மூன்று பேராக அணிவகுத்து அருகிலிருந்த ஏரிக்கரைக்கு நடந்து சென்றோம். நான் கடைசி வரிசைகளுள் ஒன்றில் நின்றேன். புறப்படும்படி ஆணை பிறந்து வெகு நேரமாகியும் என் கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன. முன்னிருப்பவர் நகர்ந்தால் அன்றோ பின்னிருப்பவர் நகரலாம்! நாங்கள் முகாமின் வாயிலைக் கடந்தபோது, முதல் வரிசையினர் ஏரிக்கரையில் அமர்ந்து இளைப்பாறிக் கொண்டிருந்தனர். திரும்பி வந்தபின் அறுநூறு பேருக்கும் சோறு பரிமாறி முடிய இரவு பத்து மணியாயிற்று.

அந்த ஆண்டுதான் வரலாற்று வகுப்பில், பாரசீக மன்னன் செர்க்சஸ் பல இலட்சம் வீரருடன் கிரேக்க நாட்டின்மேல் படையெடுத்தான் என்று படித்தேன். தேர்விலும் அவ்வாறே எழுதினேன், மதிப்பெண்ணும் பெற்றேன். அறுநூறு பேர் ஓர் ஏரிக்கரைக்குச் செல்லப் பட்ட பாட்டை நேரில் கண்ட எனக்கு, பல இலட்சம் பேர் எவ்வாறு நடந்திருப்பார்கள், என்ன உண்டிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றிய ஒருவரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் பெயர் ஹான்ஸ் டெல்ப்ரூக். ஜெர்மானியர், முதலில் போர்வீரர், பின்னர்ப் பேராசிரியர்.

டெல்ப்ரூக் 1848-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பால்டிக் கடலில் உள்ள ரூகன் தீவில், பெர்கன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை நீதிபதி. தாயோ பெர்லினில் தத்துவப் பேராசிரியராக இருந்தவரின் மகள். ஹைடல்பர்க், கிரைஃப்ஸ்வால்ட், பான் ஆகிய பல்கலைக் கழகங்களில் அவர் பயின்று கொண்டிருந்த காலத்தில், 1870-இல் பிரஷ்யாவுக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்திச் சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. போர் முடிந்ததும் திரும்பி வந்து, 1873-இல் முனைவர் பட்டம் பெற்றார். பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த லாம்பர்ட் என்னும் துறவி எழுதிவைத்த வரலாற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். சான்று சொல்பவன் யார், அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கும் பழக்கம் அப்போதே அவரிடம் வேரூன்றியிருந்தது.

மறு ஆண்டு இளவேனிற் காலத்தில், சேமப் படையின் பயிற்சிக்காக விட்டன்பர்க் நகருக்குச் சென்றிருந்தார். அங்கே ருஸ்டோவ் என்பவர் எழுதிய காலாட்படை வரலாறு அவர் கையில் கிடைத்தது. பயிற்சிக்கு இடையே படித்த அந்த ஒரு நூல்தான் தம் வாழ்க்கைப் பாதையை முடிவு செய்தது என்று பிற்காலத்தில் அவர் கூறுவதுண்டு. அதே ஆண்டில் பட்டத்து இளவரசரின் மகன் வால்டமாருக்கு ஆசிரியராக அமர்ந்தார். அந்தச் சிறுவன் 1879-இல் பதினோராம் வயதில் இறந்துபோனான். அரண்மனையில் கழித்த அந்த ஐந்து ஆண்டுகள் டெல்ப்ரூக்குக்கு மற்றொரு வகையில் பயன்பட்டன. பெரிய தளபதிகளோடு உட்கார்ந்து பேசவும், அறியாதவற்றைத் தயங்காமல் கேட்கவும் வாய்ப்புக் கிடைத்தது. நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட க்னைசனௌ என்னும் தளபதியின் வாழ்க்கை வரலாற்றை நிறைவு செய்யும் பணியும் அக்காலத்தில்தான் அவரிடம் வந்தது.

1881-இல் பெர்லின் பல்கலைக் கழகத்தில் விரிவுரை நிகழ்த்தத் தொடங்கினார். அங்கே அவருக்குக் கிடைத்த வரவேற்பு இனியதாக இல்லை. போர்க்கலையின் வரலாறு பல்கலைக் கழகத்துக்கு உரிய பாடமன்று, அது படை அதிகாரிகளின் விவகாரம் என்று புலவர்கள் கருதினார்கள். படை அதிகாரிகளோ, பேனா பிடிப்பவனுக்குப் போரைப் பற்றி என்ன தெரியும் என்று எண்ணினார்கள். 1896-இல்தான் அவர் முழுப் பேராசிரியரானார். அப்போது வயது நாற்பத்தேழு. அரசியல் வரலாற்றோடு இணைத்துப் போர்க்கலையின் வரலாற்றைக் கூறும் அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1900-இல் வெளிவந்தது. அதை, ரோமாபுரி வரலாற்றின் பெருமேதையான மொம்சனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மொம்சன் நன்றி கூறிவிட்டு, இதைப் படிக்கத் தமக்கு நேரம் கிடைப்பது அரிது என்று சொல்லிவிட்டாராம். அந்த நூல் பேசியதோ மொம்சனுக்குச் சொந்தமான கிரேக்க, ரோமானிய உலகத்தைப் பற்றித்தான்!

அந்தத் தொகுதியில் என்ன இருந்தது? செர்க்சஸ் கதைக்கே வருவோம். கிரேக்க ஆசிரியர் ஹெரடோட்டஸின் கணக்கிலிருந்து, சேனையும் அதைப் பின்தொடர்ந்த கூட்டமும் சேர்த்து 42 இலட்சம் பேர் என்ற எண்ணை டெல்ப்ரூக் எடுத்துக்கொள்கிறார். ஹெரடோட்டஸ் பொய்யர் என்று அவர் வசைபாடவில்லை. 'சரி, 42 இலட்சம் பேர் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களை நடக்கவிட்டுப் பார்ப்போம்' என்பதுபோல் கணக்கிடத் தொடங்குகிறார். ஜெர்மானியப் படை ஒழுங்கின்படி 30,000 பேர் கொண்ட ஒரு பெரும்பிரிவு சாலையில் செல்லும்போது, மூட்டை வண்டிகளை நீக்கிப் பார்த்தாலும், மூன்று ஜெர்மானிய மைல் நீளம் பிடிக்கும். ஒரு ஜெர்மானிய மைல் என்பது நம் கணக்கில் ஏழரைக் கிலோமீட்டர். 42 இலட்சத்தை 30,000-ஆல் வகுத்தால் 140 பிரிவுகள். ஆகவே அணியின் நீளம் 420 ஜெர்மானிய மைல். அதாவது 3,150 கிலோமீட்டர். அணியின் தலை கிரேக்கத்தில் தெர்மாப்பிலேக் கணவாயை எட்டும் வேளையில், அதன் வால் பாரசீகத்தில் டைகிரிஸ் ஆற்றுக்கு அப்பாலுள்ள சூசா நகரத்தை விட்டுப் புறப்பட்டுக் கொண்டிருக்கும்!

இந்தக் கணக்கைப் போட உயர்ந்த கணிதம் வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பு மாணவன் போடலாம். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்த நூலைப் படித்த எத்தனையோ அறிஞர்கள் அதன் சொல்லையும் இலக்கணத்தையும் ஆராய்ந்தார்களே ஒழிய, இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்தவர் அரியர். படையணியில் தாமே நடந்து தேய்ந்த காலும் ஏட்டைப் படித்த கண்ணும் ஒருவரிடமே அமைந்தமையால் இது இயன்றது என்று நான் கருதுகிறேன்.

சீசர் எதிர்கொண்ட ஹெல்வேட்டியர் 3,68,000 பேர் என்பதையும் அவர் விடவில்லை. அத்தனை பேருக்குப் பல மாத உணவைச் சுமக்க எத்தனை வண்டிகள் வேண்டும், ஒரே சாலையில் அவை எவ்வாறு செல்லும் என்று கேட்டார். மரத்தான் போரில் கிரேக்கர் முழுக் கவசத்தோடு எட்டு ஸ்டேடியம், அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர், ஓடித் தாக்கினர் என்பதையும் அவர் ஏற்கவில்லை. சுமையேந்திய வீரர் சிறிது தொலைவுக்கு மேல் அணி குலையாமல் ஓட முடியாது என்பதைப் பிரஷ்யப் படைவிதிகள் அறிந்திருந்தன. 1913-இல் இலண்டன் பல்கலைக் கழகத்தில் வரலாற்றில் எண்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றியபோது, ஹூணர் தலைவன் அட்டிலா 7,00,000 பேருடன் பிரான்சுக்குள் புகுந்தான் என்னும் செய்தியை எடுத்துக்கொண்டார். 1870-இல் மோல்ட்கே அதே நிலப்பகுதியில் 5,00,000 பேரை நடத்தினார். அவரிடம் இருப்புப் பாதையும் நல்ல சாலைகளும் தந்தியும் இருந்தன, அப்படியும் பெரும்பாடாகிவிட்டது. இவை எவையும் இல்லாத அட்டிலா அதனினும் பெரிய கூட்டத்தை எவ்வாறு நடத்தியிருப்பான்? மோல்ட்கே நடத்திய அந்தச் சேனையில் கேள்வி கேட்டவரும் ஒருவர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நம் பாரதக் கதையில் பதினெட்டு அக்குரோணிப் படை வருகிறதே என்று உங்களுள் சிலர் கேட்கலாம். ஓர் அக்குரோணிக்கு 21,870 யானை என்று வைத்துப் பெருக்கினால் 3,93,660 யானைகள் ஆகின்றன. காவியத்தில் அது வியப்பின் அளவு. அதனோடு சண்டையிட வேண்டியதில்லை. அந்த எண்ணை அப்படியே எடுத்து வரலாற்று நூலில் எழுதுகிறவரோடுதான் டெல்ப்ரூக்குக்குச் சண்டை.

அவர் கண்ட முடிவுகள் அனைத்தும் நிலைத்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். மரத்தான் போர்க்களம் இன்ன இடம் என்று அவர் காட்டியதைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஒப்பவில்லை. தம் காலத்துப் படைவிதியைக் கொண்டு பழங்காலத்தை அளப்பதில் அவர் சில வேளைகளில் மிகைப்பட்டதும் உண்டு. ஆயினும் அவர் கேட்ட கேள்வியைத் தவிர்த்துவிட்டு இன்று எவரும் பழம்போர் ஒன்றைப் பற்றி எழுதிவிட முடியாது.

படைத்தலைவர்களோடு அவருக்கு மூண்ட வழக்கு இதனினும் கடுமையானது. கிளாசவிட்ஸ் எழுதிவைத்த ஒரு குறிப்பைத் தொடர்ந்து, போர்முறை இருவகைப்படும் என்றார் டெல்ப்ரூக். பகைவனின் சேனையை ஒரே போரில் நொறுக்கி வீழ்த்துவது ஒன்று. வலிமை போதாதபோது, காலம், இடம், சிறு வெற்றி, உடன்படிக்கை ஆகியவற்றால் பகைவனைத் தளரச் செய்வது மற்றொன்று. பிரஷ்யர்கள் தெய்வம்போற் போற்றிய மன்னர் பிரடெரிக் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர் என்று அவர் எழுதியதும் படை அதிகாரிகள் கொதித்தெழுந்தனர். வான் டெர் கோல்ட்ஸ், பெர்ன்ஹார்டி முதலியோர் மறுப்பு எழுதினர். டெல்ப்ரூக் 1890-இல், ஏதென்ஸின் பெரிக்ளீஸையும் பிரடெரிக்கையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு குறும்பும் செய்தார். எதிரிகளின் அளவுகோலைக் கொண்டே அளந்து, அந்தக் கணக்கின்படி பிரடெரிக் மூன்றாந்தரத் தளபதியாக அன்றோ ஆகிறார் என்று கேலியாகக் காட்டினார். கேலி என்பது புரியாமல், தேசத்தின் வீரரைத் தூற்றுகிறார் என்று அவர்மேலேயே பழி சுமத்தினர்.

ஏட்டுச் சண்டையாக இருந்த இது 1914-இல் உயிர்ச் சண்டையாகிவிட்டது. டெல்ப்ரூக் போரை வெறுக்கும் துறவியல்லர். தம் நாட்டுக்குக் கப்பற்படையும் குடியேற்ற நாடுகளும் வேண்டும் என்றவர். பல்லாண்டுகளாகத் தாம் நடத்திவந்த 'பிரஷ்ய ஆண்டேடுகள்' என்னும் திங்களிதழில் போரைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். மார்ன் ஆற்றங்கரையில் ஜெர்மானியர் தடைப்பட்டு, இரு தரப்பும் பதுங்குகுழிகளில் முடங்கியபின், நொறுக்கி வீழ்த்தும் காலம் போயிற்று என்று கண்டுகொண்டார். அவ்வாறாயின் பெல்ஜியத்தை விழுங்கும் ஆசையைக் கைவிட்டுச் சமாதானத்துக்கு வழி தேடுவதே அறிவு என்றார். 1915-இல், கைப்பற்றிய நாடுகளை இணைத்துக்கொள்ள வேண்டும் என்று அறிஞர்களும் பிரமுகர்களுமாக 1,347 பேர் அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினர். கூடாது என்று டெல்ப்ரூக் அனுப்பிய எதிர்விண்ணப்பத்தில் 141 பேரே கையொப்பமிட்டனர். அவருடைய மூத்த மகன் 1917-இல் போர்க்களத்தில் மாண்டான்.

1918 மார்ச்சில் லூடன்டார்ஃப் மேற்கில் பெருந்தாக்குதல் தொடுத்தார். நிலம் கிடைத்தது, வெற்றி கிடைக்கவில்லை. நவம்பரில் எல்லாம் முடிந்தது. உள்நாட்டுத் துரோகிகள் முதுகில் குத்தியதால்தான் தோற்றோம் என்று தளபதிகள் கதை கட்டியபோது, காரணத்தை ஆராயப் பாராளுமன்றம் அமைத்த குழுவின்முன் டெல்ப்ரூக் சாட்சி கூறினார். அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. எங்கே துளைப்பது எளிது என்று பார்த்தார்களே தவிர, துளைத்தபின் எங்கே செல்வது என்று எண்ணவில்லை. பகைவரை ஒரேயடியாக வீழ்த்த ஆள்பலமும் இல்லை. அப்படியிருக்க, தாக்குதலோடு கூடவே பெல்ஜியத்தை விட்டுவிடுவதாக அறிவித்துச் சமாதானமும் பேசியிருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். செர்க்சஸின் சேனைக்குப் போட்ட அதே கணக்கைத்தான் தம் நாட்டுச் சேனைக்கும் போட்டார். அதே மனிதர், போர்ப்பழி முழுவதையும் ஜெர்மனிமேல் சுமத்தியதை எதிர்த்து 1919-இல் வாதாடியவர் என்பதையும் மறைக்கலாகாது.

பெருநூலின் நான்காம் தொகுதி, தோல்விக்குப்பின் 1920-இல் வெளிவந்தது. டெல்ப்ரூக் 1929 ஜூலை 14-இல் பெர்லினில் காலமானார். இளைய மகன் மாக்ஸ் உயிரியல் ஆராய்ச்சிக்காக 1969-இல் நோபல் பரிசு பெற்றார். நான்கு தொகுதிகளும் 1975 முதல் 1985 வரை ஆங்கிலத்தில் வந்தன. மொழிபெயர்த்தவர் வால்டர் ரென்ஃப்ரோ. வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அமெரிக்கப் படை அதிகாரி. உங்கள் கல்லூரி நூலகத்தில் அவை இருக்குமானால், முதல் தொகுதியில் பாரசீகப் போர்களைப் பற்றிய பகுதியிலிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும்.